சோப்பை மாற்றினால் குடல் ஆறாது

கீழ்பென்னாத்தூரில் கொஞ்ச நாளாக ஒரு துண்டறிக்கை கைமாறிக்கொண்டிருக்கிறது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பேசிவிட்டுப் போன இயற்கை நலவாழ்வுப் பேச்சாளர் ஒருவர் அச்சடித்துக் கொடுத்தது. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளுக்கு அவர் சொல்வதன் சாரம் இது: தோல் நம் உடம்பின் இரண்டாவது வாய். பூசுவதில் பாதிக்கு மேல் ரத்தத்தில் கலந்துவிடும். கடையில் விற்கும் சோப்பு, ஷாம்பு, கிரீம், பற்பசை எல்லாவற்றிலும் கோதுமைப் புரதமான குளூட்டன் ஒளிந்திருக்கிறது. சாப்பாட்டில் கோதுமையை நிறுத்திய பிறகும் பிள்ளைக்குப் பேதி நிற்கவில்லை, எடை ஏறவில்லை என்றால் அதற்குக் குளியலறைதான் காரணம். அவர் விற்கும் சோப்பு, தலைக்குத் தேய்க்கும் பொடி, பற்பொடி, தைலம் அடங்கிய தொகுப்பை ஆறு மாதம் விடாமல் பயன்படுத்தினால் குடல் தானாக ஆறிவிடும்.

பற்பசை பற்றிச் சொன்னதில் கால்வாசி நியாயம் இருக்கிறது. மற்றதெல்லாம் பொய். வெறும் பொய்யென்றால் பொருட்படுத்தாமல் விட்டிருப்பேன். இந்தப் பொய் ஒரு தாயின் கண்ணை அடுப்படியிலிருந்து குளியலறைக்குத் திருப்பிவிடுகிறது, அந்த இடைவெளியில் பிள்ளையின் குடல் மேலும் கெடுகிறது. இந்த ஊரில் மருந்துக்கடை நடத்துகிறவன் நான். அந்தத் தொகுப்பை வாங்கியவர்கள் இரும்புச்சத்து டானிக்குக்காக என் கடைக்கும் வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நோய் எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் வயிற்றில் முழுதாகச் செரிப்பதில்லை. செரிக்காமல் மிஞ்சும் துண்டுகள் சிறுகுடலின் சுவருக்குள் போகின்றன. அங்கே டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அவற்றைச் சற்று மாற்றுகிறது. டிக்யூ2 அல்லது டிக்யூ8 மரபணு வகை உள்ள சிலரின் எதிர்ப்பணுக்கள் அந்தத் துண்டைப் பகையாக எடுத்துக்கொண்டு சொந்தக் குடலையே தாக்குகின்றன. சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. அப்புறம் என்ன சாப்பிட்டாலும் இரும்பு ஏறாது, கால்சியம் ஏறாது, பிள்ளை உயரமாகாது. இந்தக் கதை முழுக்க வாயில் தொடங்கிக் குடலில் முடிகிறது. நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே, இரண்டாம் உலகப்போரின் கடைசிப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது தேறிய பிள்ளைகள் ரொட்டி திரும்ப வந்ததும் நலிந்துபோனதைக் கவனித்தார். தன் ஆய்வை 1950-இல் உட்ரெக்ட்டில் ஆய்வேடாகக் கொடுத்தார். நோய்க்குக் காரணம் கோதுமை என்று உலகம் அறிந்துகொண்டது இப்படித்தான், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து.

இனி அந்த இரண்டாவது வாய். நிகோட்டின் பட்டையைத் தோலில் ஒட்டினால் ரத்தத்தில் ஏறுகிறதே, குளூட்டன் ஏன் ஏறாது என்று பேச்சாளர் கேட்கிறார். நிகோட்டின் மூலக்கூறின் எடை 162 டால்டன். ஏறத்தாழ 500 டால்டனுக்கு மேற்பட்ட பொருள்கள் நல்ல தோலைத் தாண்டி உருப்படியான அளவில் உள்ளே போவதில்லை என்பது தோல் மருந்து தயாரிப்பவர்களின் பாலபாடம். குளூட்டனின் ஒரு பகுதியான கிளையடின் 30,000 டால்டனுக்கும் மேலே. இன்னொரு பகுதியான குளூட்டெனின் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு லட்சக்கணக்கில் போகும். போதாததற்கு, அது தண்ணீரில் கரையவும் செய்யாது.

இந்த எண்களெல்லாம் வேண்டாம் என்றால் இன்சுலினைப் பாருங்கள். அதுவும் புரதம்தான், 5,800 டால்டன், கிளையடினில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தோல் புரதத்தைக் குடிக்கும் என்றால் சர்க்கரை நோயாளிகள் எதற்காகத் தினமும் வயிற்றில் ஊசி குத்திக்கொள்கிறார்கள்? ஒரு கிரீமாகத் தடவிக்கொண்டு போகலாமே. நூறு ஆண்டாக உலகம் முழுக்க எத்தனையோ பேர் முயன்றும் முடியாத காரியத்தை ஒரு குளியல் சோப்பு சர்வசாதாரணமாகச் செய்கிறது என்று இவர் எங்களை நம்பச் சொல்கிறார்.

அவருடைய வாதத்துக்கு மறுப்பு நம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மற்ற ஊர் மருத்துவர்களும் சேர்ந்து வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். தெற்குக்கு எடுத்துக்கொண்ட இடம் வேலூர். நோய்க்கு வாய்ப்புத் தரும் மரபணு வகை வடக்கில் 38 விழுக்காட்டினருக்கு, தெற்கில் 36 விழுக்காட்டினருக்கு இருந்தது. பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் நோய் வடக்கில் ஆயிரத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு, தெற்கில் பத்தாயிரத்துக்கு ஒருவர் அளவில். எங்கே வேறுபட்டார்கள்? வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம். வடநாட்டில் விற்கும் அதே சோப்பும் அதே ஷாம்பும் அதே பற்பசையும்தான் வேலூரிலும் ஆரணியிலும் கீழ்பென்னாத்தூரிலும் கடைக்குக் கடை தொங்குகின்றன. குளியலறை காரணமாக இருந்தால் நோய் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும்.

இந்த ஆய்வை வைத்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கம் நோய் அரிது என்பதால் வந்தவர்கள் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் தெரியாது, உறவில் கேட்டால் தெரியாது, சில சமயம் மருத்துவமனையிலேயே இரத்தசோகை, பூச்சி என்று வருடக்கணக்கில் போய்விடுகிறது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு, நோயின் பெயரைச் சரியாக உச்சரிக்கும் ஒருவர் மேடையில் நின்றால் தெய்வமாகத் தெரிகிறார். அந்தத் தனிமையைத்தான் இந்த மனிதர் காசாக்குகிறார்.

சரி, சில நோயாளிகளுக்குத் தோலிலேயே கொப்புளம் வருகிறதே என்கிறது துண்டறிக்கை. வருகிறது. டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்று அதற்குப் பெயர். அரிப்புத் தாங்காது. அது எங்கே வருகிறது என்று கவனித்தாரா? இரண்டு முழங்கையிலும், இரண்டு முழங்காலிலும், பிட்டத்திலும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக. சோப்பு உடம்பெல்லாம் படுகிறது, முகத்திலும் கையிலும்தான் அதிகம் படுகிறது. குடலில் தொடங்கிய பகையில் உருவான எதிர்ப்புரதம் ரத்தத்தோடு போய்த் தோலில் படிவதால் வரும் கொப்புளம் அது. வைத்தியம் வாய் வழியாகத்தான்: குளூட்டன் இல்லாத சாப்பாடு, கூடவே டாப்சோன் மாத்திரை. தொழுநோய்க்குக் கொடுத்து நம் மாவட்டத்துக்கு நன்றாகப் பழகிய அதே டாப்சோன். எந்தச் சோப்பை மாற்றியும் அந்தக் கொப்புளம் அடங்குவதில்லை.

அவர் கையில் இருக்கும் பலமான ஆயுதம் ஜப்பான். அதை நான் ஒதுக்கப் போவதில்லை. 2004 முதல் அங்கே விற்ற ‘சா நோ ஷிசுகு’ என்ற முகச் சோப்பில் நீராற்பகுக்கப்பட்ட கோதுமைப் புரதம் சேர்த்திருந்தார்கள். அதைத் தேய்த்த பெண்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. கோதுமைப் பண்டம் சாப்பிட்டுவிட்டு நடந்தாலோ வேலை செய்தாலோ இமை வீங்கி, உடம்பு தடித்து, சிலருக்கு மயக்கம் வரை போனது. 2011-இல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அழகுசாதனப் பொருள்களில் சேர்க்கும் இத்தகைய புரதத் துண்டுகளின் சராசரி எடை 3,500 டால்டனைத் தாண்டக் கூடாது என்று விதி போட்டது.

பெரிய மூலக்கூறு உள்ளே போனதே, உன் 500 கணக்கு என்னவாயிற்று என்று அவர் மடக்கலாம். பதில் இதோ. ஒவ்வாமைக்குப் புரதம் ரத்தம் வரை போகவே வேண்டாம். நுரை தோலின் மேலடுக்கைத் தளர்த்துகிறது, கண்ணிலும் மூக்கிலும் படுகிறது. அங்கே காவலிருக்கும் அணுக்கள் இம்மியளவு பொருளைப் பார்த்தாலே அடையாளம் வைத்துக்கொள்ளும். சீலியாக்குக்கோ நாள்தோறும் மில்லிகிராம் கணக்கில் குளூட்டன் குடலுக்குள் வந்து சேர வேண்டும். ஜப்பானியப் பெண்களுக்கு வந்தது ஒவ்வாமை, சீலியாக் வரவில்லை. இரண்டுக்கும் எதிர்ப்பணு வேறு, சோதனை வேறு, வைத்தியம் வேறு. ஒன்றில் நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து வரலாம், மற்றதில் மாதக்கணக்கில் குடல் தேயும். கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் கிரீமிலும் ஷாம்பிலும் ‘டிரிடிகம்’ என்றோ ‘ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன்’ என்றோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். அவர்களுடைய ஆபத்தைத் திருடி வந்து இன்னொரு நோயாளியைப் பயமுறுத்துவது அயோக்கியத்தனம்.

மீதி இருப்பது அந்தக் கால்வாசி நியாயம். உதட்டுச்சாயம், பற்பசை, வாய் கொப்பளிக்கும் திரவம் இவை வாய்க்குள் போகக்கூடியவை. எவ்வளவு போகும்? இத்தாலிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட சோதனையில் இப்படிப்பட்ட 66 பொருள்களில் 62-இல் குளூட்டன், உணவுக்கு நம் நாட்டிலும் வைத்திருக்கும் வரம்பான கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தது. தாண்டிய நான்கிலும் மிக மோசமானது 35. அந்த மோசமான பற்பசையையே ஒரு பிள்ளை பட்டாணியளவு, அதாவது கால் கிராம், காலையும் இரவும் துப்பாமல் முழுதாக விழுங்குகிறது என்று வையுங்கள். ஒரு நாளில் உள்ளே போவது 0.0175 மில்லிகிராம். உதட்டுச்சாயத்துக்கும் கணக்குப் போடலாம். நிறையப் பூசுபவர்கள் நாளில் விழுங்குவது சுமார் 87 மில்லிகிராம் என்று 2013-இல் ஒரு கலிபோர்னிய ஆய்வு கணித்தது. அதிலும் கிலோவுக்கு 35 என்ற கணக்கில் 0.003 மில்லிகிராம்தான். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படுகிறது என்று கார்லோ கடாஸியின் குழு 2007-இல் காட்டியது. 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கில்லை என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் எல்லை. உதட்டில் பூசுவதையும் பல் துலக்குவதையும் கோதுமைச் சரக்குச் சேராததாகப் பார்த்து வாங்குங்கள், அது சுலபம், செலவும் இல்லை. சோப்பையும் ஷாம்பையும் விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தப் பத்து மில்லிகிராம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். சீலியாக் உள்ள ஒரு பெண்பிள்ளையின் அம்மா என் கடைக்கு வந்தார். சாயம்போன புடவை, கையில் அந்தத் தொகுப்பு வாங்கிய பை. வீட்டில் பழைய சோப்பு, ஷாம்பு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டாராம். சப்பாத்தி, பரோட்டா, ரவை, பிஸ்கட் எதையும் பிள்ளைக்குக் காட்டுவதில்லையாம். ஆனாலும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. வீட்டிலிருக்கும் பெருங்காய டப்பாவை எடுத்து வரச் சொன்னேன். மறுநாள் கொண்டு வந்தார். மூடி மஞ்சளேறிய சின்னப் பிளாஸ்டிக் டப்பா, பின்பக்கம் எண்ணெய்க்கை பட்டு எழுத்து பாதி அழிந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தோம். கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம் என்று வரிசையாக இருந்தது. “இதுலயும் கோதுமையாண்ணா? தெனம் ரசத்துக்கும் சாம்பாருக்கும் இதத்தானே போடறேன்” என்றவர், நின்ற இடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கடையில் விற்கும் தூள் பெருங்காயம் பெரும்பாலும் கலவைதான். ஒரு கிராம் கோதுமை மாவில் சுமார் 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். பெருங்காயத்தில் பாதி மாவு என்று வைத்துக்கொண்டு, சாம்பாரில் அரை கிராம், ரசத்தில் அரை கிராம் போட்டால் மொத்தம் 40 மில்லிகிராம் குளூட்டன். நான்கு பேர் குடும்பத்தில் பிள்ளையின் பங்கு 10. பெருங்காயத்திலேயே எல்லை முடிந்துவிட்டது. மேலே சொன்ன மோசமான பற்பசையை விழுங்குவதைப்போல ஐந்நூறு மடங்குக்கும் மேல். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறது, அட்டையைப் படித்து வாங்கினால் போதும். பேச்சாளரின் துண்டறிக்கையில் பெருங்காயம் என்ற வார்த்தையே இல்லை. அவரிடம் விற்பதற்குப் பெருங்காயம் இல்லை போலும்.

அடுத்தது மாவு மில். நமக்கு முன்னால் நின்றவர் ரேஷன் கோதுமையை அரைத்துக்கொண்டு போயிருப்பார். அதே கல்லில், துடைக்காத அதே வாயில் நம் கேழ்வரகு இறங்கும். முதலில் வருகிற மாவில் பாதி அவர் வீட்டுக் கோதுமை. வீட்டில் மிக்ஸியில் அரைத்துக்கொள்வதோ, மில்காரரிடம் சொல்லி அரிசி அரைத்த பிறகு நம்முடையதைப் போடச் சொல்வதோ பைசா செலவில்லாத வைத்தியம். மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது, ஹார்லிக்ஸில் கோதுமையும் உண்டு. மெலிந்த பிள்ளைக்குத் தேறட்டும் என்று இதைத்தான் முதலில் வாங்கிக் கொடுக்கிறோம். அங்கன்வாடிச் சத்துமாவிலும் கோதுமை சேர்கிறது.

குளியலறைக்குப் பதிலாகச் சமையலறைக்கு வெளியே ஓரிடத்தைக் காட்டு என்றால் மாட்டுக்கொட்டகையைக் காட்டுவேன். அயர்லாந்தில் இரண்டு விவசாயிகள், சாப்பாட்டில் கடுமையான பத்தியம் இருந்தும் குணமாகவில்லை. மாட்டுத் தீவனத் தூசியை மூச்சில் இழுத்து, தொண்டையில் படிந்ததை விழுங்கி வந்ததுதான் காரணம் என்று 2007-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். நம் ஊரில் பால் ஊற்றும் வீடுகளில் கறவை மாட்டுக்குக் கோதுமைத் தவிடு வைப்பது வழக்கம். மூட்டையை உதறும்போது எழும் புகையில் பிள்ளை நிற்கிறது. தவிடு பிசைந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு அதே கையால் சோறு ஊட்டுகிறோம். தவிட்டை முதலில் நீர் தெளித்து நனைத்துவிட்டுக் கலப்பது, பிள்ளையைத் தள்ளி நிறுத்துவது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, இவ்வளவுதான். எந்தச் சோப்பானாலும் சரி.

பள்ளிக்கூடத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எத்தனையோ பிள்ளைகளின் பசியைப் போக்குகிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை கொண்டு செய்யும் உப்புமாவும் கிச்சடியும் வாரத்தில் பல நாள் வருகின்றன. சீலியாக் உள்ள பிள்ளை வரிசையில் நிற்கிறது, தட்டில் விழுவதைச் சாப்பிடுகிறது, வீட்டில் அம்மா பத்தியம் காக்கிறார். மருத்துவர் சீட்டை இணைத்துத் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து, அந்தப் பிள்ளைக்கு மட்டும் அரிசி உப்புமாவோ பொங்கலோ கேட்க வேண்டும். மண்டபம் பிடித்துக் கூட்டம் போடும் சக்தி இருந்தவர், இதற்காக ஒரு மனு எழுதியிருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அவருக்கு ஒரு சவால். டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்புரத ரத்தச் சோதனை என்று ஒன்று இருக்கிறது, பெரிய பரிசோதனைக் கூடங்களில் செய்கிறார்கள். உங்கள் தொகுப்பைப் பயன்படுத்திக்கொண்டு, சாப்பாட்டில் எதையும் மாற்றாமல், அந்த அளவு இறங்கிய ஒரே ஒரு நோயாளியின் இரண்டு சோதனைத் தாள்களை வெளியிடுங்கள். சாதாரணக் கடைச் சோப்பில் குளித்துக்கொண்டே, சாப்பாட்டைச் சரிசெய்து, குடல் ஆறிய நோயாளிகள் எத்தனையோ பேர் என்பது குடல் மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இன்னொன்றும் கேட்கிறேன். குளூட்டன் இல்லை என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எந்த ஆய்வகம் அளந்தது, எவ்வளவு வந்தது? உங்கள் தலைப்பொடிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல்கூட இல்லை. எல்லாரும் ஒளிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டுகிறவர், தன் பொருளில் என்ன இருக்கிறதென்று சொல்லவில்லை.

தொகுப்பை வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அழகுசாதனப் பொருளைப் பொய்யான, திசைதிருப்பும் கருத்தைச் சொல்லி விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன, திசைதிருப்பும் விளம்பரத்துக்கு எதிராக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. திருவண்ணாமலையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. அவர் ரசீது கொடுக்கவில்லை என்று சிலர் தயங்குகிறார்கள். குடல் ஆறிவிடும் என்று அவரே அச்சடித்துக் கொடுத்த துண்டறிக்கை உங்கள் வீட்டில் இருக்கிறது. அதைக் கிழித்துப் போட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள், மனு எழுத நான் உதவுகிறேன்.